துறைத்தலைவர் பொறுப்பு, கற்பித்தல், புதிய சிகிச்சைகள்: ஒரு மனநல மருத்துவரால் மூன்றையும் சுமக்க முடியுமா?

வெண்பலகை (இழையைத் தொடங்கியவர்)

மனநல மருத்துவராகப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. வேலையில் பாதி வார்டு, மீதி முதுநிலை மாணவர்கள். இப்போது துறைத்தலைவர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறது நிர்வாகம். கூடவே ஒரு நிபந்தனை: ஓராண்டுக்குள், மனச்சோர்வுக்காகக் காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சைப் பிரிவைத் தொடங்க வேண்டும். அதன் பின்னே, மயக்க மருந்தான கெட்டமினை மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிகிச்சை வரும். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதுவரை முடிவாகிவிட்டது. யாருக்குச் சிகிச்சை என்பதை மட்டும் இன்னும் யாரும் பேசவில்லை.

நான் பார்த்த தலைவர்கள் பலர் நல்ல மருத்துவர்களாக உள்ளே போய், நல்ல கூட்டத் தலைவர்களாக வெளியே வந்தவர்கள். தினமும் வார்டு சுற்றியவர் வாரம் ஒருமுறை வருவார். பிறகு மாதம் ஒருமுறை. கடைசியில் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும். எனக்கும் அதுதான் நடக்கும் என்று பயமாக இருக்கிறது. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: எதைக் கைவிட்டீர்கள், எதைக் கைவிட மறுத்தீர்கள்?

பழைய ஸ்டெதஸ்கோப்

பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் மறுத்தால் பயமே இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவார்.

பதினொரு ஆண்டுகள் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் இரண்டு ஆண்டுகளை வீணடித்தேன் என்பதை இப்போது கூச்சமில்லாமல் சொல்வேன். மேசைக்கு வந்த எல்லாவற்றிலும் கையெழுத்திட்டேன். நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைத்ததற்கான பதிவேடும் அதில் ஒன்று. ஒவ்வொரு காலையும் வரும். ஒவ்வொரு காலையும் பேனா ஓடும். படித்ததே இல்லை.

இத்தாலியின் ஃபிராங்கோ பசாலியாவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். 1961இல் கோரிட்சியா நகர மனநல மருத்துவமனைக்கு இயக்குநராகப் போகிறார். முந்தைய இரவு யார் யாரைக் கட்டிவைத்தார்கள் என்ற பட்டியல் கையெழுத்துக்கு வருகிறது. "நான் கையெழுத்திட மாட்டேன்" என்கிறார். அவ்வளவுதான். சொற்பொழிவும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. 1978இல் அந்த நாடு புதிய நோயாளிகளைப் பழைய பாணி மனநல விடுதிகளில் சேர்ப்பதை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் நின்ற முக்கியமான மனிதர் அவர்.

இதைப் படித்த பிறகுதான் என் பதிவேட்டை முதன்முறையாகத் திறந்து வாசித்தேன். பதினெட்டுப் பெயர்களில் ஏழு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஏழும் ஒரே இரவுப்பணிக் குழுவின் நாட்களில். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம். எதில் கையெழுத்திட மாட்டீர்கள் என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐயப்பாடு

"புதுமையான சிகிச்சை" என்று யாராவது சொன்னால் எனக்கு 1949 நினைவுக்கு வரும். மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவைக்காகப் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்த ஆண்டு அது. அமெரிக்காவில் அதைப் பரப்பிய வால்டர் ஃப்ரீமன் நரம்பியல் மருத்துவர்; அறுவைப் பயிற்சி பெற்றவர் அல்லர். பனிக்கட்டி உடைக்கும் ஊசியைப் போன்ற கருவியைக் கண்குழியின் மேல்பகுதி வழியாகச் செலுத்தும் முறையை 1946இல் தொடங்கினார். கூட்டாளியான அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வாட்ஸ் இதை ஏற்காமல் விலகிக்கொண்டார். ஃப்ரீமன் நிறுத்தவில்லை. 1967 வரை செய்துகொண்டிருந்தார்.

அவருக்குத் தலைமைப் பண்பு இருந்தது, கற்பித்தல் ஆர்வம் இருந்தது, புதுமையும் இருந்தது. நீங்கள் தலைப்பில் எழுதிய மூன்றும்! "வேண்டாம்" என்று சொல்லித் தடுக்கக்கூடிய ஓர் ஆள் மட்டும் அறையில் இல்லை. இருந்த ஒருவரும் வெளியேறிவிட்டார்.

எண்கணக்கு

ஐயப்பாடு பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அதே 1949இல்தான் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், வெறிநிலையில் (மேனியா) இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார். பயன்பாட்டில் இல்லாத ஒரு சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். சோதனையைக் கினிப் பன்றிகளில் தொடங்கினார். மருந்தை முதலில் தாமே விழுங்கிப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தப் பத்துப் பேரில் வியக்கத்தக்க வகையில் குணமான முதல் நோயாளி, அடுத்த ஆண்டே லித்தியம் நச்சேறி இறந்தார். மருந்து அங்கேயே செத்திருக்கும். ஆனால் மெல்பர்னில் டிரௌட்னர் என்ற ஆய்வாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைச் சுடர் ஒளிமானி கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். 1954இல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ அதை மருந்துப்போலியோடு (மருந்தில்லாத போலி மாத்திரை) ஒப்பிட்டுச் சோதித்தார். இன்று இரத்தப் பரிசோதனைத் தாளில் 0.8 என்று பார்த்து நிம்மதி அடைகிறோமே, அந்த நிம்மதியை நமக்குத் தந்தவர்கள் அளந்தவர்கள். கேட் கதவைத் திறந்தார். வாசலில் படிக்கட்டு கட்டியவர்கள் வேறு.

எனவே வெண்பலகை, கருவி வரும் நாளுக்கு முன்னே ஒரு பதிவேடு வரட்டும். சிகிச்சைக்கு முன் மதிப்பெண், பின் மதிப்பெண், ஆறு மாதம் கழித்து மதிப்பெண். பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். குணமானவர்கள் நன்றி சொல்லத் திரும்பி வருவார்கள். குணமாகாதவர்கள் வேறு மருத்துவரிடம் போய்விடுவார்கள். வருகிறவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் அற்புதம்தான்.

இரவுப்பணி

நான் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவன். பெயர் சொல்லாத ஓர் இடத்தில் படிக்கிறேன்.

எங்கள் துறைத்தலைவர் புகழ்பெற்றவர், சர்வதேச மாநாடுகளில் பேசுகிறவர். எங்களுக்கு அவர் கற்பித்தது மொத்தம் நான்கு மணிநேரம் இருக்கலாம். நான்கும் அதே மாநாட்டுப் படவில்லைகள். ஒருமுறை நோயாளி விவாதக் கூட்டத்தில், "இவருக்கு இந்த ஊசிக்குப் பிறகு எதுவும் மாறியதாகத் தெரியவில்லையே" என்று கேட்டேன். அறை அமைதியானது. "கவனித்துப் பார்க்கப் பழக வேண்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நோயாளியின் மனைவி வெளியே காத்திருந்தார். அவரும் நான் சொன்னதைத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு நான் கூட்டத்தில் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் தலைவரானால் வெளிநாட்டு வாய்ப்போ ஆய்வுக் கட்டுரையில் பெயரோ எங்களுக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை மேடம். தவறாகக் கேட்டுவிட்டால் சிரிக்காத ஓர் அறை போதும்.

பழைய ஸ்டெதஸ்கோப்

தம்பி, உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். ஹெரால்டு போர்ன். இன்சுலின் கோமா சிகிச்சை மனச்சிதைவுக்குச் சிறந்த மருத்துவம் என்று உலகமே நம்பிய காலம். 1933 வாக்கில் வியன்னாவில் மான்ஃபிரெட் சாக்கெல் தொடங்கியது. இருபது ஆண்டுகள் பல பெரிய மருத்துவமனைகளில் தனிப் பிரிவாக நடந்தது. 1953இல் இளம் மருத்துவரான போர்ன், இதற்குச் சான்று எங்கே என்று லான்செட் மருத்துவ இதழில் கேட்டார். பெரியவர்கள் கடிதம் கடிதமாக எழுதி அவரைச் சாடினார்கள். அவர்கள் சொன்னதன் சாரமும் அதேதான்: உனக்கு அனுபவம் போதாது.

1957இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு இன்சுலினால் மயக்கம். இன்னொரு குழுவுக்குப் பார்பிட்டுரேட் என்ற தூக்க மருந்தால் மயக்கம். இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு மெல்ல மெல்ல அந்தப் பிரிவுகள் மூடப்பட்டன. கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். கூட்டத்தில் முடியாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாம் வார்டு

மனநலப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியர். டாக்டர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று பழகிவிட்டேன். இங்கே முகம் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

அந்த இன்சுலின் கதையில் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். அந்தப் பிரிவுகளில் நோயாளிகள் உண்மையாகவே தேறினார்கள் என்றுதான் படித்திருக்கிறேன். ஏன்? நிறைய செவிலியர்கள் இருந்தார்கள். மயக்கம் தெளியும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நோயாளிகள் குழுவாக இருந்தார்கள், விளையாடினார்கள், வெளியே போனார்கள். தேறக்கூடியவர்களாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே மருத்துவமனையின் பின்பக்க வார்டில் இருந்தவருக்கு அந்தக் கவனிப்பில் நூறில் ஒரு பங்கு கிடைத்ததா? இன்சுலின் போய்விட்டது. அதோடு அந்தக் கவனிப்பும் போய்விட்டது. அதை யாரும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது கெட்டமினுக்கு வருகிறேன். மூக்கில் தெளிக்கும் எஸ்கெட்டமினுக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி தந்தபோதே, மருந்து கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு மணிநேரம் கண்காணிக்க வேண்டும் என்று விதித்தார்கள். இரத்த அழுத்தம் ஏறும். சிலருக்குத் தன் உடம்பை விட்டே விலகி நிற்பதுபோல் இருக்கும். சிலர் அழுவார்கள், பயந்துபோவார்கள். அந்த இரண்டு மணிநேரம் பக்கத்தில் உட்காரப்போவது யார்? திட்ட வரைவில் கருவி இருக்கும், மருந்து இருக்கும், நாற்காலியின் நிறம்கூட இருக்கும். செவிலியர் எத்தனை பேர் என்ற இடத்தில் "இருக்கும் பணியாளர்களைக் கொண்டு" என்று எழுதியிருப்பார்கள். வெண்பலகை டாக்டர், அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

வெண்பலகை

தேடினேன். இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அதே வரி.

திரும்பி வந்தவள்

நான் மருத்துவர் இல்லை. ஒருகாலத்தில் சாப்பிடுவதையும் பேசுவதையும் நிறுத்தியிருந்தேன். மாத்திரைகள் நான்கு வகை மாற்றினார்கள். கடைசியில், மயக்கம் கொடுத்து மூளைக்கு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சை. ஒன்பது முறை. ஆறாவது முறைக்குப் பிறகு ஒரு காலை பசித்தது. அந்தப் பசி எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்க முடியாது.

ஆனால் என் தங்கையின் திருமணம் எனக்கு நினைவில் இல்லை. சிகிச்சைக்கு ஐந்து வாரங்களுக்கு முன் நடந்தது. புகைப்படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒப்புதல் வாங்கிய இளம் மருத்துவர், "கொஞ்சம் மறதி வரலாம், போய்விடும்" என்றார். பெரும்பாலும் போய்விட்டது. அந்த ஒரு நாள் போகவில்லை, அதாவது வரவில்லை.

தெரிந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். அதனால்தான் கோபம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பேனே, பிறகு எதற்கு மென்மையாக்கினார்கள்? புதிய பிரிவு தொடங்குகிறவர் தன் மாணவர்களுக்கு முதலில் இதைக் கற்றுக்கொடுக்கட்டும். கருவியை இயக்குவதைப் பிறகு கற்கலாம்.

ஐயப்பாடு

இந்த இழையில் இதுவரை வந்ததில் சிறந்த பதிவு இதுதான். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெண்பலகை

திரும்பி வந்தவள், நன்றி. பதினாறு ஆண்டுகளில் நானும் அந்த "கொஞ்சம்" என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். எண்ண விரும்பவில்லை.

எண்கணக்கிடம் ஒரு கேள்வி. கெட்டமின் வந்துவிட்டால் மின்னதிர்வுப் பிரிவை மூடிவிடலாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொல்கிறார். மயக்க மருந்து நிபுணரின் செலவு மிச்சமாம். "இரண்டும் சமம் என்று ஆய்வு வந்துவிட்டதே" என்று ஒரு கட்டுரையை நீட்டினார். என்ன பதில் சொல்வது?

எண்கணக்கு

அவர் நீட்டியது 2023இல் வந்த அமெரிக்க ஆய்வாக இருக்கும். நானூறுக்குச் சற்று மேற்பட்டோர். கெட்டமின் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர், மின்னதிர்வு பெற்றவர்களில் 41 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டார்கள். கெட்டமின் பின்தங்கவில்லை என்பது முடிவு. தலைப்பை மட்டும் படித்தால் கதை முடிந்தது.

யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் புறநோயாளிகள். மனச்சோர்வோடு மனமாயைக் குறிகளும் (இல்லாததை உண்மை என்று உறுதியாக நம்புவது போன்றவை) உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. இதற்கு முந்தைய ஆண்டு சுவீடனிலிருந்து வந்த ஆய்வில் எல்லோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள். அங்கே மின்னதிர்வில் 63 விழுக்காட்டினர் நோய் நீங்கினார்கள், கெட்டமினில் 46. இரண்டு ஆய்வுகளும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான். உங்கள் வார்டில் படுத்திருப்பவர் எந்த ஆய்வின் மனிதர் என்று அந்த நிர்வாகியிடம் கேளுங்கள்.

இரண்டு சிகிச்சைகளும் தேவைப்படும் என்பது என் கருத்து. கெட்டமினில் குணமாகாதவர் மின்னதிர்வில் குணமாகலாம், மறுபக்கமும் அப்படியே. ஒன்றை மூடி இன்னொன்றைத் திறப்பது, ஒரு கண்ணை விற்றுக் கண்ணாடி வாங்குவது.

காந்தத் தூண்டலைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. 2018இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வில், வழக்கமான 37.5 நிமிட அமர்வுக்கு மூன்று நிமிடத்தில் முடியும் விரைவு முறை பின்தங்கவில்லை என்று தெரிந்தது. ஒரே கருவியில் ஒரு நாளில் பல மடங்கு நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனாலும் வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் வர வேண்டும். மனச்சோர்வில் படுக்கையை விட்டே எழ முடியாதவரை முப்பது நாள் அழைத்து வருவது யார்? பெயர்ப்பலகையில் அதற்கு இடமில்லை.

ஐயப்பாடு

சைலோசைபின் (சில காளான்களில் உள்ள, மனநிலையை மாற்றும் பொருள்) பற்றி யாரும் இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். நானே ஆரம்பித்துவிடுகிறேன். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் எழுதித் தரலாம் என்று விட்டது. 'எக்ஸ்டசி' என்ற போதைப்பொருளாக அறியப்பட்ட எம்.டி.எம்.ஏ.வைக் கொண்டு செய்யும் சிகிச்சையை அமெரிக்க மருந்து ஆணையம் 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. விழுங்கியவருக்கு, தான் விழுங்கியது மருந்தா மருந்துப்போலியா என்று சிறிது நேரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு அந்தச் சோதனையில் யாருக்கு எது என்று மறைத்துவைப்பதற்கு என்ன பொருள்? நம்பிக்கையும் மருந்தும் ஒரே கோப்பையில் கலந்து வந்தால் எதைக் குடித்தோம் என்று எப்படிச் சொல்வது?

பழைய ஸ்டெதஸ்கோப்

அதை இன்னோர் இழையில் பேசுவோம், இல்லாவிட்டால் இங்கேயே விடிந்துவிடும்.

கற்பித்தலைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நான் செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான். வாரம் ஒரு நாள், புதிதாக வந்த நோயாளியை மாணவர்கள் முன்னிலையில் நானே விசாரிப்பேன். நோயாளியின் சம்மதத்தோடு. வழக்கமாக மாணவர் விசாரிப்பார், ஆசிரியர் குறை சொல்வார். நான் தலைகீழாக்கினேன். அவர் போன பிறகு மாணவர்கள் என் குறைகளைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் எல்லோரும் "அருமை ஐயா" என்றார்கள். நான்காவது வாரம் ஒரு பெண் சொன்னாள்: "அவர் மகனைப் பற்றிச் சொல்ல வந்தபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்; அதற்குப் பிறகு அவர் மகனைப் பற்றிப் பேசவே இல்லை."

பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. மறுநாள் போய் அந்த மனிதரிடம் மகனைப் பற்றிக் கேட்டேன். நோயறிதலே மாறிப்போனது.

மைக்கேல் பாலிண்ட் 1950களில் இலண்டனில் பொது மருத்துவர்களைக் குழுவாக உட்காரவைத்து, நோயாளி தமக்குள் என்ன கிளப்பினார் என்று பேசவைத்தார். அதையும் முயன்றேன். எங்கள் ஆட்களுக்கு வெட்கம் விடவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. நிலைத்தது கடிகார மாற்றம் மட்டும். விசாரிக்கும் அறையிலிருந்து அதைக் கழற்றிவிட்டேன்.

இரவுப்பணி

ஐயா, அந்த மாணவி இப்போது என்ன செய்கிறார்?

பழைய ஸ்டெதஸ்கோப்

எனக்குப் பிறகு அந்தத் துறைக்குத் தலைவர் அவள்தான்.

வெண்பலகை (ஏழு மாதங்களுக்குப் பிறகு)

இழை தூசி படிந்திருக்கும் என்று நினைத்தேன். யாராவது இன்னும் எட்டிப் பார்க்கிறீர்களா?

பொறுப்பை ஏற்றேன். மின்னதிர்வுப் பிரிவு மூடப்படாது என்று எழுத்தில் வாங்கினேன். இரண்டு செவிலியர் பணியிடங்கள் கேட்டேன், ஒன்று கிடைத்தது. அதனால் கெட்டமினை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், சிலருக்கு வருத்தம். செவ்வாயும் வெள்ளியும் வார்டு சுற்று; அந்த நேரத்தில் வரும் கூட்ட அழைப்புகளுக்குப் பதில் அனுப்புவதில்லை. ஒப்புதல் படிவத்திலிருந்து "கொஞ்சம்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். "சில நாட்களின் நினைவு திரும்பாமலே போகலாம்" என்று போட்டிருக்கிறோம். படித்துவிட்டு மறுத்தவர் இதுவரை ஒருவர்.

காந்தத் தூண்டல் கருவி வந்தது. தொடக்க நாள் குறித்தார்கள். முதல் நோயாளியாக ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை நானே தேர்ந்தெடுத்தேன். நீண்ட மனச்சோர்வு, இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை, தலைக்குள் உலோகம் எதுவும் இல்லை, வலிப்பு வரலாறு இல்லை. பொருத்தமான ஆள். நிர்வாகத்தினர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு.

ஒன்பதே காலுக்கு முதலாண்டு மாணவி என் அறை வாசலில் நின்றாள். நேற்று இரவு அவரோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். தன் குடல் அழுகிவிட்டது, உள்ளே எதுவும் மிச்சமில்லை, அதனால்தான் சாப்பிடுவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் மூன்று முறை விசாரித்தும் என்னிடம் சொல்லாதது. "இது மனமாயையோடு கூடிய மனச்சோர்வு இல்லையா மேடம்? இவருக்கு மின்னதிர்வுதானே முதலில்?" என்றாள். குரல் நடுங்கியது.

எனக்கு எரிச்சல் வந்தது. முழுதாக ஒரு நிமிடம். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் வார்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கேட்டாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரி.

பத்து மணிக்கு வந்தவர்களுக்கு உறை போட்ட கருவியைக் காட்டினேன். நோயாளி எங்கே என்று கேட்டார்கள். மாற்றிவிட்டோம் என்றேன். யார் மாற்றியது என்று கேட்டார்கள். அவளுடைய பெயரைச் சொன்னேன்.

அவருக்கு நேற்று நான்காவது மின்னதிர்வு. இன்று காலை செவிலியரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்.